ரொனி தலையாட்டாத பாட்டு

"சேர், இதுதான் சிவப்பு பட்டன். இத அமத்தினா பதியும். திரும்ப அமத்தினா நிக்கும். வேற ஒண்டிலயும் கை வெச்சிராதீங்க."

இப்படிச் சொல்லிவிட்டு றியாஸ் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"எனக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

"லுகர் தொழுது, வீட்ட போய்ச் சாப்பிட்டு, அவனுகள் திரும்பத் தறியில ஏறும் வரைக்கும். மறுகா ஆர் வந்தாலும் ஏலா."

கதவு சாத்தப்பட்டது. மின்விசிறியையும் அவர் நிறுத்திவிட்டுப் போயிருந்தார், அதன் சத்தம் மைக்கில் விழும் என்று. வியர்வை காதோரமாக இறங்கி ஹெட்போனின் மெத்தைக்குள் போனது. அறை முழுவதும் கஞ்சி போட்ட புதுச் சாரத்துணியின் மணம். காதுக்குள் ட்ரம்ஸ் ஓடியது. கையில் கிற்றார்.

முன்னிசையை வாசித்தேன். பாடத் தொடங்க வேண்டிய இடம் வந்தது. போனது. மீண்டும் முன்னிசையை வாசித்தேன். இடம் மீண்டும் வந்தது. மீண்டும் போனது.

இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஆளுயரத்துக்குச் சாரத்துணிச் சுருள் ஒன்று நின்றது. அது தலையாட்டவில்லை.

தறிக்கும் தொழுகைக்கும் இடையில்

சில வாரங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் என் உத்தியோக காலத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுக் காத்தான்குடியிலிருந்து ஒரு வாசகர் அழைத்தார். "கோப்புகளப் பத்தியே எழுதுறீங்க, உங்கட றொக் பாட்டுக் கதைய எப்ப எழுதுவீங்க?" என்று கேட்டார். இதோ எழுதுகிறேன். கோப்பும் இடையிடையே வரும். பழக்கம் விடாது.

றியாஸ் ஏறாவூர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர். வளைகுடாவில் பெரிய ஹோட்டல்களின் கலியாண மண்டபங்களில் ஒலி அமைப்பாளராகப் பல காலம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். அவருடைய காக்கா, அதாவது அண்ணன், நடத்தும் கைத்தறிக் கொட்டிலின் ஒரு பாதியைச் சுவர் எழுப்பித் தடுத்து ஒலிப்பதிவு அறை ஆக்கியிருந்தார். எதிரொலி வராமல் இருக்க, வெளிநாட்டுப் பஞ்சுக்குப் பதிலாகச் சுவரோரம் முழுவதும் சாரத்துணிச் சுருள்களை நிறுத்தியிருந்தார். அருமையான ஏற்பாடு. ஓட்டோ சத்தம் வராது, காகம் கத்துவது வராது, கடைத்தெரு வராது. மறுபாதியில் ஓடும் தறிகளின் சத்தம் மட்டும் நிலத்துக்குள்ளால் வந்து கிற்றார் கம்பியில் ஏறும்.

ஆகவே பதிவு செய்யக்கூடிய நேரம் ஒன்றே ஒன்று. லுகர் என்னும் பகல் தொழுகைக்கு வாங்கு சொல்லி முடிந்து, நெசவாளர்கள் தொழவும் சாப்பிடவும் போயிருக்கும் இடைவெளி. அந்த நேரத்தில் றியாஸும் தொழப் போய்விடுவார்.

அறை அமைதியாக இருக்கும்போது ஒலிப்பதிவாளர் இல்லை. ஒலிப்பதிவாளர் இருக்கும்போது அறை அமைதியாக இல்லை. அரச சேவையில் இருந்தவனுக்கு இது புதிதல்ல. கோப்பு இருக்கும் நாளில் கையொப்பமிடுபவர் விடுமுறையில் இருப்பார். அவர் வரும் நாளில் கோப்பு வேறு கிளைக்குப் போயிருக்கும். நான் குறை சொல்லவில்லை. தனி அல்பம் என்றால் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

மற்றப் பாட்டுகளெல்லாம் இப்படியே, பகல் இடைவெளிகளில், நன்றாகவே முடிந்திருந்தன. அவை என் பழைய பேண்டை விட்டு வந்த பிறகு நான் எழுதிய பாட்டுகள். மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பழைய பாட்டு. அதைத்தான் என்னால் தொடங்க முடியவில்லை.

ஜீப்புக்கு அடியில் ஒரு குரல்

எங்கள் பேண்டின் பெயர் கண்டல். மட்டக்களப்பு வாவிக் கரையில் வளரும் மரத்தின் பெயர். உப்புத் தண்ணீரில் நின்றும் சாகாதது என்ற பொருளில் ரொனி வைத்தான். எனக்கும் ஆட்சேபனை இருக்கவில்லை.

ரொனி போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பத்துப் பிள்ளை, மோட்டார் மெக்கானிக். நான் அப்போது புதிதாகச் சேர்ந்த சிறிய அதிகாரி. எங்கள் அலுவலக ஜீப் ஓடியதைவிட அவனுடைய கராஜில் நின்ற நாட்கள் அதிகம். வேலை முடிந்தது என்று உறுதிப்படுத்தாமல் பற்றுச்சீட்டில் கையொப்பம் இடக்கூடாது என்பது விதி. அதனால் நான் பக்கத்திலேயே நின்றேன். அவன் ஜீப்புக்கு அடியில் கிடந்தபடி பாடினான். நான் பொனற்றில் தட்டினேன். பாட்டு நின்றது.

"ஆரது தட்டுற?"

"நான்தான். ஏன், பிழையா?"

"பிழையெண்டா நிப்பாட்டச் சொல்லியிருப்பன். தட்டு."

அப்படித்தான் தொடங்கியது. ரொனி பாட்டும் முன்னணி கிற்றாரும். நான் பேஸ் கிற்றார். ட்ரம்ஸுக்கு ஒருவர், கீபோர்டுக்கு ஒருவர். கோயில் திருவிழா, மாதா கோயில் பெருநாள், விளையாட்டுக் கழகத்து ஆண்டுவிழா, கலியாணம், எல்லாவற்றுக்கும் போனோம். ஊரடங்கு இருந்த காலங்களில் மத்தியானச் சோற்றோடு தொடங்கி, வெயில் தாழுமுன் முடித்துவிடுவோம். வேறு ஊர்களில் றொக் இசை இருட்டிலும் வர்ண விளக்கிலும் வளர்ந்ததாகச் சொல்வார்கள். எங்களுடையது கொளுத்தும் வெயிலில், குடை பிடித்த மாமிமார் முன்னிலையில் வளர்ந்தது.

பாட்டை எப்போது தொடங்குவது என்பதை ரொனிதான் தீர்மானிப்பான். முன்னிசை ஓடும். அவன் கூட்டத்தைப் பார்ப்பான். சிறுபிள்ளை ஒன்று அழுதால் அது அடங்கும்வரை காத்திருப்பான். பிறகு என் பக்கம் திரும்பித் தலையை ஒருமுறை கீழே இறக்குவான். அவ்வளவுதான். நாலு பேரும் ஒன்றாக இறங்குவோம். முப்பது வருடங்களுக்கு மேல் ஒரு நாளும் பிசகியதில்லை.

மீனுக்கு ஒரு ஓடர்

நான் சொன்ன அந்தப் பழைய பாட்டு என்னுடையது. அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

வாவியின் குறுக்கே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப் போகும் தட்டையான மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். பாலங்கள் வராத காலம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு வேலையாகப் போவதற்குப் பாதையில் நின்றேன். ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். பாதை நகரவில்லை. பெரியவர் ஒருவருடைய வாகனம் வருகிறதாம். வரும்வரை நிற்கச் சொல்லி உத்தரவாம்.

வெயில் ஏறியது. தலையில் மீன் கடகத்தோடு நின்ற ஒரு பெண் பாதை ஓட்டுபவரைக் கேட்டார்:

"ஆருக்கு மனே காத்து நிக்கிற? அவருக்கு நேரம் கிடக்கு. என்ட மீனுக்கு இல்ல."

"நான் என்ன செய்யிற பெரியம்மா. மேல இருந்து ஓடர்."

"அப்ப மீனுக்கும் ஒரு ஓடர் போடச் சொல்லு, நாறாம இருக்கட்டும்."

பாதையே சிரித்தது. அப்படி ஆட்களைக் காக்க வைக்கச் சொல்லும் சுற்றுநிருபம் எதுவும் இல்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். சுற்றுநிருபங்கள் எனக்கு மனப்பாடம். ஓட்டுபவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சேர், நீங்க இப்ப ஒபிசில இல்ல, தண்ணியில நிக்கிறீங்க" என்றார்.

பெரியவர் கடைசிவரை வரவில்லை. வேறு வழியால் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

'ஆருக்குக் காத்திருக்கு இந்தப் பாதை, மீனுக்கு ஓடர் போட ஆளில்லையே' என்று அன்று திரும்பி வரும்போதே முதல் வரி வந்துவிட்டது. கண்டல் பேண்டின் பாட்டுகளில் சனம் கேட்டுக் கேட்டுப் பாட வைத்தது இதைத்தான். ரொனி பாடுவான். பல்லவியில் அவன் தலையாட்ட, நான் இரண்டாம் குரலாகச் சேருவேன். எழுதியவன் நான் என்பது மேடைக்கு முன்னால் இருந்தவர்களில் என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

பிரதி: ட்ரம்ஸ், கீபோர்ட்

நான் ஓய்வு பெற்ற காலத்தில் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் எங்களுக்கு வாராந்தம் வாசிக்கும் வாய்ப்பு வந்தது. நல்ல இடம். கடல் காற்று. மேடைக்கு மேலே கூரைகூட இருந்தது.

முதல் வாரமே முகாமையாளர் வந்து மிகவும் மரியாதையாகச் சொன்னார். "ஐயா, கெஸ்ட் நண்டு சாப்பிடுறாங்க. ஒள்ளுப்பம் குறைச்சு அடிங்க."

ரொனி குறைத்தான். அடுத்த வாரம் ட்ரம்ஸ்காரர் தடியை வைத்துவிட்டுத் தூரிகையால் தடவத் தொடங்கினார். அதற்கடுத்த வாரம் என் பேஸின் ஒலியைக் குறைத்தார்கள். நண்டு ஓடு உடைவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கடைசியில் ரொனி பாதைப் பாட்டைப் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டான்.

"அது பாரமான பாட்டு மச்சான்," என்றான். "ராச்சாப்பாட்டோட அது இறங்காது."

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாடிப் பாடித் தேய்ந்த தொண்டைக்கு மெதுவாகப் பாடுவது சுகமாக இருந்திருக்கும். ஆனால் எனக்குச் சுகம் வேண்டியிருக்கவில்லை. அலுவலகத்திலேயே அது போதுமான அளவு கிடைத்திருந்தது.

விலகுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு மாத முன்னறிவித்தல், எழுத்தில். அதன்படி செய்து, கடிதத்தைக் கராஜுக்குக் கொண்டுபோனேன். ரொனி வழக்கம்போல ஒரு வேனுக்கு அடியில் கிடந்தான். கிறீஸ் கையை நீட்டி வாங்கி, அங்கேயே கிடந்தபடி வாசித்தான்.

"பிரதி ஆருக்கு?" என்று கேட்டான்.

"கீழ பார்."

"'பிரதி: ட்ரம்ஸ், கீபோர்ட்.' அட கடவுளே." வேனுக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது. பிறகு வெளியே வந்து துணியில் கையைத் துடைத்தான். இப்போது சிரிக்கவில்லை. "தனியா என்ன செய்யப் போற?"

"அல்பம்."

"ஆர் பாடுற?"

"நான்தான்."

"மச்சான், நான் தலையாட்டாம நீ இத்தன வருசத்தில ஒருக்கா வாய் திறந்திருக்கிறியா?"

"பாதைப் பாட்டையும் எடுக்கிறன்."

"உன்ட பாட்டுத்தானே, எடு. ஆனா அத நீ தனியாத் தொடங்கமாட்டாய். எழுதி வெச்சுக்கொள். மறுகா கிற்றாரும் கையுமா இஞ்சதான் வந்து நிப்பாய்."

அந்தப் பாட்டு இல்லாமல் நான் அல்பம் வெளியிட்டால் ரொனி சொன்னது சரி என்றாகிவிடும். விஷயம் அவ்வளவுதான்.

வீட்டுச் சொந்தக்காரியின் அவதானம்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் கட்டிய ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். ஆரையம்பதியில் நான் இருக்கும் வீடு கமலாவுடையது. நான் அனுமதியின் பேரில் வசிப்பவன். அனுமதி இதுவரை இரத்துச் செய்யப்படவில்லை.

கமலா கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒலிபெருக்கிப் பெட்டியை முன்னறைக்குள் இறக்கியபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இது எத்தின நாளைக்கு?" நான் சொன்னதை அவர் நம்பவில்லை, மறுக்கவும் இல்லை. ஆரையம்பதி மீன்காரர் மட்டும் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஐயாவுக்குப் பெஞ்சன் கிடைக்கல்லையோ?" என்று விசாரித்துப் போனார்.

ஊரில் எல்லாரும் அல்பத்துக்குப் பெயர் சொன்னார்கள். எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். மட்டக்களப்பில் யார் எதை வெளியிட்டாலும் அதில் மீன் பாட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. நிலாக் காலத்தில் பாடும் என்று பேர்போன எங்கள் வாவி மீன்கள் என்னைவிட நல்ல விளம்பரம் உள்ளவை, அவற்றுக்கு என் உதவி தேவையில்லை. நான் அல்பத்துக்கு 'முன்னறிவித்தல் இன்றி' என்று பெயர் வைத்தேன். மண்டபத்துக்கும் சொல்லிவிட்டேன். அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. பாதைப் பாட்டு கடைசிப் பாட்டாக அதில் இருந்தது.

அது மட்டும் இன்னும் என் வாயில் இருந்து வரவில்லை.

றியாஸ் ட்ரம்ஸை நீளமாக ஓட விட்டிருந்தார். "சேர் எங்க தொடங்குறீங்களோ அங்க நான் வெட்டித் தாறன், பயப்பிடாதீங்க" என்றார். எங்கேயும் தொடங்கலாம் என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு பகலும் முன்னிசை சுற்றிச் சுற்றி வந்தது. நான் சாரத்துணியைப் பார்த்தபடி இருந்தேன். பிறகு தறிகள் தொடங்கிவிடும்.

பதிந்ததைப் போட்டுக் கேட்ட றியாஸ் ஒரு நாள் கேட்டார்: "சேர், நீங்க ஆரையும் பாத்துக்கொண்டு இருக்கிறீங்களா? வாசிப்பில தெரியுது. முன்னுக்கு வாறீங்க, மறுகா ஒதுங்கிறீங்க. பஸ்ஸுக்கு ஏற நிக்கிற ஆள் மாதிரி."

அன்று வீட்டுக்கு வந்து முன்னறையில் அதையே வாசித்துப் பார்த்தேன். கமலா புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவல் நின்றது.

"இஞ்சேருங்க," என்றார். "வேலையில இருக்கக்க நீங்க எந்த மந்திரிக்காவது கூட்டத்தப் பிந்தித் தொடங்கினீங்களா?"

"இல்ல."

"வாகரையில அந்தக் கூட்டத்துக்கு மந்திரி பாதி முடியத்தானே வந்தவர்? உங்களோட சண்டைக்கும் வந்தவர்."

"வந்தவர். நேரம் வந்தது, கோரம் இருந்தது, தொடங்கினன்." கூட்டம் நடத்தத் தேவையான ஆட்களின் எண்ணிக்கையை நாங்கள் கோரம் என்போம். அது இருந்தால் யாருக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

"அவ்வளவு பெரிய மனிசருக்கு நிக்காத ஆள், வேனுக்குக் கீழ படுத்துக் கிடக்கிற ரொனிக்கு நிக்கிறீங்க. பாட்டும் அதத்தானே சொல்லுது? எழுதினது நீங்கதானே?"

துருவல் மீண்டும் தொடங்கியது. கணித ஆசிரியர்கள் விடையைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கோரம் ஒன்று

அடுத்த நாள் றியாஸ் பட்டனைக் காட்ட வாய் திறந்தார்.

"தெரியும். சிவப்பு. நீங்க போய்த் தொழுதுட்டு வாங்க," என்றேன்.

கதவு சாத்தியதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். சாரத்துணிச் சுருள் என் முதுகுப் பக்கம் போனது. மேசைமேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பட்டனை அமத்தினேன். உத்தியோகக் குரலில், மைக்குக்கு நேரே, சத்தமாகச் சொன்னேன்:

"நேரம் சரி. சமூகமளித்தவர் ஒருவர். கோரம் ஒன்று. கூட்டத்தை ஆரம்பிக்கிறேன்."

முன்னிசை ஒரு சுற்றுக்கூட முழுதாகப் போகவில்லை. பாடிக்கொண்டிருந்தேன்.

என் குரல் ரொனியின் குரல் போல இனிமையானதல்ல. அது அறிவித்தல் வாசிக்கும் குரல். ஆனால் பாதைப் பாட்டு வெயிலில் நிற்பவர்களின் முறைப்பாடு. முறைப்பாட்டை வாசிக்க அதைவிடப் பொருத்தமான குரல் கிடையாது என்று பாடும்போதே தெரிந்தது. பல்லவியில் முதன்முறையாக முதல் குரல் என்னுடையது. இரண்டாம் குரல் இல்லை. அதன் இடம் காலியாகவே இருந்தது. நன்றாகவும் இருந்தது.

கடைசிக் கம்பி அடங்கியது. பட்டனை அமத்தினேன். சுவருக்கு அப்பால் முதல் தறி சடக் என்றது.

றியாஸ் வந்து கேட்டார். ஒரு முறை முழுதாகக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "மாஷா அல்லாஹ்," என்றார். "முன்னுக்கு என்னமோ கூட்டம் எண்டெல்லாம் பறையிறீங்க சேர். அத வெட்டவா?"

"வெட்டாதீங்க. அது கூட்டறிக்கை."

அல்பத்தில் அது அப்படியே இருக்கிறது.

நான்கு மணி என்றால் நான்கு மணி

எங்கள் ஊர் வெளியீட்டு விழாக்களின் ஒழுங்கு எனக்கு நன்றாகத் தெரியும். பல விழாக்களுக்கு நானே நிகழ்ச்சி நிரல் தயாரித்திருக்கிறேன். மங்கல விளக்கேற்றல், மௌன வணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, நயவுரை, முதற்பிரதி வழங்கல், ஏற்புரை, நன்றியுரை. இடையில் எங்காவது வெளியிட வேண்டிய பொருள் வெளியிடப்படும். இவ்வளவும் பிரதம அதிதி வந்த பிறகு.

என் விழாவுக்குப் பிரதம அதிதி இல்லை. விளக்கை மண்டபத்துக்காரர் மின்சாரத்தில் ஏற்றியிருந்தார். போதும்.

அழைப்பிதழில் நான்கு மணி என்று போட்டிருந்தேன். மட்டக்களப்பில் அதற்குப் பொருள், நான்கு மணிக்குக் குளிக்கப் போகலாம் என்பது. நான்கு மணிக்கு மேடைக்கு வந்தபோது மண்டபத்தில் பாதிக்கு மேல் வெறும் நாற்காலிகள். றியாஸ் ஒலிப்பலகையில் இருந்தார். கமலா முன் வரிசையில்.

கமலாவுக்குப் பக்கத்தில், மடிப்புக் கலையாத சட்டையோடு, நகக் கண்ணில் போகாத கிறீஸோடு, ரொனி.

முப்பது வருடத்தில் எந்த மேடைக்கும் நேரத்துக்கு வந்தறியாதவன். நான் பார்த்ததும் கையை விரித்தான்.

"என்ன பாக்கிற? நீ நேரத்துக்குத் தொடங்கிருவாய் எண்டு எனக்குத் தெரியாதா? பிந்தினா முதல் பாட்டுப் போயிரும்," என்று கீழிருந்து கத்தினான். "பாதைப் பாட்டு இருக்கா?"

"கடைசியில."

"ம். பாப்பம்."

பாடத் தொடங்கினேன். மூன்றாம் பாட்டில் சனம் வரத் தொடங்கியது, நான் நிறுத்தவில்லை. வந்தவர்கள் பிரதம அதிதியைத் தேடி முன் வரிசையை எட்டிப் பார்த்தார்கள். அங்கே ஒரு மெக்கானிக் இருந்தான். ஐந்தாம் பாட்டளவில் நாற்காலி போதவில்லை. சுவரோரம் நின்றார்கள். ஒலியைக் குறைக்கும்படி யாரும் வந்து சொல்லவில்லை. யாரும் நண்டு சாப்பிடவில்லை.

கடைசிப் பாட்டு. முன்னிசையை எடுத்ததும் மண்டபத்தின் பின்பக்கத்தில் யாரோ விசில் அடித்தார்கள். பாட்டைத் தெரிந்தவர்கள் இன்னும் இருந்தார்கள்.

ரொனி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். கண்கள் என்னிடம் இல்லை, கூட்டத்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் எங்கோ ஒரு பிள்ளை அழுதது. அது அடங்கட்டும் என்று அவன் காத்திருந்தான். அவனுக்கே தெரியாமல், முப்பது வருடப் பழக்கத்தில். பிள்ளை அடங்கியது. என் பக்கம் திரும்பினான். தலையைக் கீழே இறக்கினான்.

அதற்குள் நான் இரண்டாம் வரியில் இருந்தேன்.